தீவுக்கு விழுந்த சீட்டு: ஒரு திரைப்படமும் அதன் பார்வையாளர்களும்

2005ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான ‘தி ஐலண்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் தன் சொந்த நாட்டிலேயே தோல்வி கண்ட ஒன்று. ஏறத்தாழ 12.6 கோடி டாலர் செலவில் மைக்கேல் பே இயக்கிய அப்படம், அந்நாட்டுத் திரையரங்குகளில் சுமார் 3.6 கோடி டாலரே ஈட்டியது. பிற நாடுகளில்தான் அதற்கு ஓரளவு வரவேற்பு கிடைத்தது. ஆயினும் மனிதப் படியாக்கம் பற்றிய பேச்சு எழும் இடங்களில் அதன் பெயர் இன்றும் அடிபடுகிறது. அதைப் பார்த்தவர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் கருத்துகளை ஒருசேர வைத்துப் பார்த்தபோது, படத்தைவிட அக்கருத்துகளே நம்மை அதிகம் சிந்திக்க வைத்தன.

அரபுக் கல்லூரி ஆசிரியருக்குச் சினிமா எதற்கு என்று வாசகர்களுள் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதற்கு விடை தேடுவது ஃபிக்ஹுக் கலையின் இயல்பு. இக்காலத்தில் மக்களின் கேள்விகள் பாதிக்குமேல் திரையிலிருந்தே பிறக்கின்றன. நம் மாணவர் ஒருவர் இப்படத்தை முன்வைத்துத்தான் படியாக்க மனிதனின் மஸ்அலாவைக் கேட்டார். கேட்டவரைக் கண்டிப்பதைவிடக் கேள்வியைப் புரிந்துகொள்வது மேலென்று நமக்குத் தோன்றியது.

கதை இதுதான். 2019ஆம் ஆண்டு. வெளியுலகம் நச்சேறிவிட்டது என்று நம்பவைக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் ஒரு மூடிய வளாகத்தில் வெள்ளுடை அணிந்து வாழ்கிறார்கள். மாசுபடாத இடமாக எஞ்சியிருப்பது ஒரு தீவு மட்டுமே என்றும், அங்குச் செல்லும் பேறு குலுக்கலில் பெயர் விழுவோருக்கே கிட்டும் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டுள்ளது. உண்மையில் அவர்கள் செல்வந்தர்களின் உடற்பிரதிகள். அசல் மனிதருக்கு ஈரலோ இதயமோ தேவைப்படும் நாளில் பிரதியின் பெயர் குலுக்கலில் விழும். செல்லுமிடம் அறுவை மேசை. ஒரு பூச்சி உள்ளே பறந்து வருவதைக் காணும் லிங்கன் (இவான் மெக்ரெகர்), வெளியே உயிர் வாழ்கிறது என்று உணர்ந்து, அடுத்த சீட்டு விழுந்த ஜோர்டானுடன் (ஸ்கார்லெட் ஜோஹான்சன்) தப்பியோடுகிறான்.

அவ்வளாகத்தின் நிறுவனம் தன் பிரதிகளுக்கு இட்ட பெயர் ‘அக்னேட்’. ரோமானியச் சட்டத்தில் இது தந்தை வழி உறவினரைக் குறிக்கும் சொல். வாரிசுரிமைப் பாடத்தில் நாம் ‘அஸபா’ என்று ஓதுகிறோமே, ஏறத்தாழ அதுவே. எந்த உறவையும் மறுத்து ஒருவனைச் சரக்காக வைத்திருப்போர், உறவுமுறைச் சொல்லைக் கொண்டே அவனை அழைக்கின்றனர். திரைக்கதை எழுதியவர் தெரிந்தே செய்தாரா, காதுக்கு நன்றாக இருந்ததால் எடுத்துக்கொண்டாரா, நாம் அறியோம். அரபியில் படியாக்கத்துக்கு வழங்கும் ‘இஸ்தின்ஸாக்’ என்ற சொல்லும் இவ்வாறே பொருள் பொதிந்தது. அதன் வேரிலிருந்து பிரதியெடுத்தலும் பிறக்கிறது, நீக்கி இடம் பிடித்தலும் பிறக்கிறது. படத்தில் பிரதி தன் கைவளையத்தை அசல் மனிதனின் கையில் மாட்டிவிட, துரத்தி வந்தவன் அசலைச் சுட்டுக் கொல்கிறான். நாஸிகும் மன்ஸூகும் இதைவிடத் தெளிவாகத் திரையில் தோன்ற இயலாது!

இனிக் கருத்துகளுக்கு வருவோம். மிகுதியாகச் சொல்லப்படுவது, இது இரண்டு படங்கள் என்பது. முற்பாதி சிந்தனை, பிற்பாதி துரத்தல். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நொறுங்கத் தொடங்கியதும் படம் தன் கேள்வியை மறந்துவிட்டது என்று தொழில்முறை விமர்சகரும் சாதாரணப் பார்வையாளரும் ஒரே குரலில் சொல்கின்றனர். இது சரியே. வணிகப் பெயர்கள் காட்சிக்குக் காட்சி மினுங்குவதையும் பலர் சாடினர். ஜோஹான்சன் உண்மையில் நடித்த நறுமண விளம்பரம் ஒன்றே படத்தில் அசல் பெண்ணின் விளம்பரமாகக் காட்டப்படுகிறது. மனித உடல் விற்பனைப் பொருளாவதைக் கண்டிக்கும் படம் தானே ஒரு கடைவீதியாக நிற்பது விந்தைதான். 1979ஆம் ஆண்டு வெளியான ‘கிளோனஸ்’ படத்தைத் தயாரித்தவர்கள், இது எங்கள் கதையின் பிரதி என்று வழக்குத் தொடுத்ததும், அது சமரசத்தில் முடிந்ததும் ரசிகர்கள் அலுக்காமல் சொல்லி மகிழும் செய்தி.

இரண்டாம் வகைக் கருத்து, மனிதன் இறைவனின் வேலையில் கைவைக்கிறான் என்பது. கிறிஸ்தவப் பார்வையாளர்களிடமும் நம்மவரிடமும் இதுவே முதலில் எழுகிறது. படியாக்கப்பட்டவனுக்கு ரூஹ் உண்டா என்ற வினாவும் இதையொட்டியதே. இந்த அச்சத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. டோலி என்ற செம்மறியாடு பிறந்தது 1996இல், அறிவிக்கப்பட்டது 1997 பிப்ரவரியில். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, தன் பத்தாம் அமர்வில் மனிதப் படியாக்கத்தைத் தடைசெய்து தீர்மானம் இயற்றியது. குடும்பம், நஸப் ஆகியவற்றின் காப்பே அங்கு முன்னின்ற கவலை. ஒரு டோலிக்காக 277 முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன என்பதை எண்ணினால், மனிதரிடம் அதைச் சோதிப்பதன் கொடுமை தனியே விளங்கும். இன்றுவரை மெய்ப்பிக்கப்பட்ட படியாக்க மனிதன் எவனும் பிறக்கவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியோடு நின்றுவிடும் பார்வையாளர் படத்தைப் பாதியே பார்த்தவர் ஆவார். உண்டாக்கலாமா என்பது ஆய்வகத்தின் வாசலில் கேட்க வேண்டியது. உண்டாக்கி முடிந்து, அவன் எதிரே நின்று மூச்சுவிடும்போது கேட்க வேண்டியது வேறு. விபசாரத்தில் பிறந்த குழந்தையின் மீது பெற்றோரின் பாவம் சுமத்தப்படுவதில்லை என்பதை நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவர். பிறப்பின் வழி எதுவாயினும் பிறந்தவனின் இரத்தம் காக்கப்பட்டதே. ரூஹ் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒன்று சொல்லலாம்: இரட்டையருள் இரண்டாமவனைப் பற்றி எவரும் இவ்வாறு ஐயுறுவதில்லை. படியாக்கப்பட்டவன் காலந்தாழ்ந்து பிறந்த இரட்டையனே.

நம்மை உறங்கவிடாமல் செய்தது மூன்றாம் வகைக் கருத்து. அதைச் சொல்வோர் சிலரே. ‘என் குழந்தை சாகக் கிடந்தால் நானும் பணம் கட்டியிருப்பேன்’ என்கின்றனர் அவர்கள். மற்றவர்கள் இவர்களை ஏசுகின்றனர். நமக்கோ, எல்லாரினும் இவர்களே உண்மை பேசினார்கள் என்று தோன்றியது. ஃபிக்ஹின் மொழியில் இவர் முழ்தர், நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர். ளரூரத் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற விதியைப் பாமரரும் மேற்கோள் காட்டுவர். அதன் அருகிலேயே நிற்கும் மற்றொரு விதியை, ஒரு தீங்கை அதையொத்த தீங்கால் நீக்கலாகாது என்பதை, அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

ஹிஜ்ரி 505இல் (1111) மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் மஸ்லஹத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ஒரு கப்பலைக் கொண்டுவருகிறார். கப்பலில் ஒரு கூட்டத்தார். ஒருவரைக் கடலில் எறிந்தால் ஏனையோர் பிழைப்பர், இன்றேல் அனைவரும் மூழ்குவர். எறியலாமா? கூடாது என்கிறார் இமாம். சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தாலுமா? குலுக்கலுக்கு இங்கே அடிப்படை இல்லை என்கிறார். பட்டினியால் சாகும் ஒரு கூட்டத்தார் சீட்டுப் போட்டுத் தம்முள் ஒருவரை உண்பதற்கும் சலுகை இல்லை. யூனுஸ் (அலை) அவர்கள் கப்பலில் சீட்டில் விழுந்த வரலாறு திருமறையில் இருக்கிறதே எனில், மனிதனைக் கடலில் எறியச் சீட்டுப் போடுவது நமக்குரிய சட்டமன்று என்று குர்துபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர்.

படத்தின் குலுக்கல் அதனினும் கொடியது. கஸ்ஸாலீயின் கப்பலில் சீட்டு மெய்யானது, அனைவரும் ஒரே அபாயத்தில் இருக்கிறார்கள். மெர்ரிக் (ஷான் பீன்) நடத்தும் வளாகத்தில் சீட்டே பொய். கரையில் நிற்பவருக்காக, கப்பலென்றே அறியாதவன் எறியப்படுகிறான்.

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் இன்னும் ஓர் அடி நெருங்கி வருகின்றன. பசியால் சாகும் தந்தை தன் பிள்ளையைக் கொன்று உண்ணலாகாது, எசமானன் தன் அடிமையைக் கொன்று உண்ணலாகாது, சுதந்திரமானவரைக் காக்க அடிமைகளைக் கப்பலிலிருந்து எறியலாகாது என்று அவை வகுக்கின்றன. அடிமைமுறை நடப்பிலிருந்த காலத்து நூல்கள் அவை. இன்று வாசிக்கக் கடினமான பக்கங்களும் அவற்றில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘தி ஐலண்ட்’ காட்டும் பிரதியை அவ்வரிகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். அவன் அசல் மனிதனின் உடலிலிருந்து வந்தவன், ஆகவே பிள்ளையைப் போன்றவன். பணம் கொடுத்துப் பெறப்பட்டவன், ஆகவே அடிமையைப் போன்றவன். இருவகையாலும் அவன் உயிரில் கைவைக்க வழியில்லை.

இத்தகைய வாதம் ஆடம்பரம், படியாக்கம் வெறும் கற்பனை என்போரும் உளர். படியாக்கம் கற்பனை, உறுப்புக்காக உடலைப் பார்ப்பது கற்பனையன்று. நம் சென்னையின் வில்லிவாக்கத்துக்கு ஒருகாலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்ற அவப்பெயர் வந்ததை இந்த இதழின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1994ஆம் ஆண்டில் இந்தியா உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதற்குமுன் 1988இலேயே ஜித்தாப் பேரவை உறுப்பை ஈவதை நிபந்தனைகளோடு அனுமதித்து, விற்பதை மறுத்திருந்தது. அங்கே நகல் மனிதனை வளர்க்கும் செலவுகூட இல்லை; வறுமையே ஆளைக் கொண்டுவந்து நிறுத்திற்று.

படம் எங்கே கோழையானது என்பதை இப்போது சொல்லலாம். லிங்கனின் அசலான டாம் லிங்கனை அது பெண்பித்தனாகவும் தந்திரக்காரனாகவும் வரைகிறது. அவன் ஈரல் கெட்டுச் சாவதில் நமக்கு வருத்தம் எழாதபடி பார்த்துக்கொள்கிறது. அவன் சுடப்படும்போது அரங்கம் கைதட்டும். தீயவன் சாகும்போது மஸ்அலா எளிதாகிவிடுகிறது. ‘நானும் பணம் கட்டியிருப்பேன்’ என்ற அந்தத் தகப்பனுக்கு இதில் விடையே இல்லை, ஏனெனில் அவர் தீயவர் அல்லர்.

விடை சொல்ல வேண்டிய இடம் ஒன்று படத்தில் உண்டு. ஒரு நிமிடம்கூட நீடிக்காத காட்சி அது. தப்பியோடிய ஜோர்டான், முகம் தெரியும் தொலைபேசி ஒன்றிலிருந்து தன் அசலான சாரா ஜோர்டானின் வீட்டை அழைக்கிறாள். சாரா விபத்தில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவள். ஜோர்டானின் உறுப்புகள் கேட்கப்பட்டதே அவளுக்காகத்தான். எதிர்முனையில் வருவது ஒரு சிறுவன். திரையில் முகத்தைக் கண்டதும் அவன் அம்மா என்று அழைக்கிறான். தான் ஓடுவதன் பொருள் என்ன என்பது ஜோர்டானின் முகத்தில் ஒரு கணம் தெரிகிறது. அவள் வாழ்ந்தால் அவன் தாயற்றவன் ஆகக்கூடும். அவள் வாழ்வதற்கு முழு உரிமை உடையவள். அவனும் யாதொரு குற்றமும் அறியாதவன். முழு நீளப் படத்துக்கும் போதுமான பொருள் இது. ஆனால் தொலைபேசி வைக்கப்படுகிறது, துரத்தல் தொடர்கிறது. வியப்பென்னவெனில், நாம் கண்ட கருத்துகளில் வாகன மோதல்களை எண்ணிச் சொன்னவர் பலர், இச்சிறுவனைக் குறிப்பிட்டவர் மிகச் சிலர்.

அதே 2005இல் வெளியான கஸுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலை ஒப்பிட்டு, அது உயர்ந்தது என்போர் உண்டு. அதில் பிரதிகள் தப்பியோடுவதே இல்லை. கலையில் அது உயர்ந்ததாகவே இருக்கட்டும். எனினும் ஓடுகிறவனின் கதையில் நமக்கு ஒரு பற்று இருக்கவே செய்கிறது. துரத்தும் கூலிப்படைத் தலைவன், ஜோர்டானின் உடலில் இடப்பட்ட முத்திரையைக் கண்டு, தன் நாட்டில் தனக்கும் அவ்வாறு சூடு வைக்கப்பட்டதை நினைந்து அவர்கள் பக்கம் திரும்பும் இடம், பிற்பாதியின் இரைச்சலையும் மீறி நிற்கிறது.

சென்ற கல்வியாண்டில் கப்பல் மஸ்அலாவை ஓதிக்கொடுத்தபோது, கேள்வி கேட்ட அம்மாணவரின் பொருட்டு இக்கதையை வகுப்பில் சுருக்கிச் சொன்னோம். தொலைபேசிக் காட்சி வரை சொல்லிவிட்டு, பிறகு தீர்ப்பையும் அதன் சான்றுகளையும் சொன்னோம். அனைவரும் குறிப்பெடுத்துக்கொண்டனர். பின்வரிசையிலிருந்து வயதில் சிறிய மாணவர் ஒருவர் மட்டும் எழுந்து, “ஹஜ்ரத், அந்தப் பிள்ளையோட உம்மா என்ன ஆனாங்க?” என்று கேட்டார்.

படத்தில் அது காட்டப்படவில்லை என்றோம். அவர் உட்காராமல் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்.