நடுங்குகிறவரின் சாட்சி

சபைகளின் வாலிபர் கூடுகைகளில் சொல்லப்படும் சாட்சியை ஓர் இலக்கிய வடிவம் என்றே நினைக்கிறேன். யாரும் அதை அப்படி வாசிப்பதில்லை, அவ்வளவுதான். அதற்குக் கறாரான கட்டமைப்பு உண்டு. முன்பு பயந்தேன், ஜெபித்தேன், ஒரு வசனம் கிடைத்தது, பயம் போயிருச்சு. மூன்று நிமிடம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஓர் அல்லேலூயா.

சிதம்பரத்தை ஒட்டிய கீரப்பாளையத்தில் வளர்ந்து, பொறியியல் படித்த நாட்களில் வாலிபர் ஊழியத்தில் ஓடியாடியவன் நான். இப்படிப்பட்ட சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் புகார் வடிவத்தின் மீதுதான். அதில் பயம் இறந்தகாலத்தில் மட்டுமே வர முடியும். அடுத்த வாரம் பேருந்து நிலையத்தில் கைப்பிரதி கொடுக்கப் போகும்போது மறுபடி வயிற்றைக் கலக்கினால், அதைச் சொல்ல இந்த வடிவத்தில் இடமே கிடையாது. என் தொழில் பாஷையில், டிக்கெட்டை க்ளோஸ் பண்ணியாச்சு, திரும்பத் திறக்க வழியில்லை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? பைபிளைவிட எங்கள் மண்ணுக்குத்தான் அதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. நடராஜரின் ஒரு கை எப்போதும் அபயம் காட்டிக்கொண்டிருக்கிறது. அப்பர் எங்கள் கடலூர் மாவட்டத்துத் திருவாமூர்க்காரர். நீற்றறை, நஞ்சு, யானை, கடல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர் கரையேறியதாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூருக்குள்தான் இருக்கிறது. சூலை நோயில் துடித்துக் கதறியவரும் அதே அப்பர்தான். ஆனால் கேட்பவர் நினைவில் நிற்பது யானைக்கு முன் அசையாமல் நின்றவர். வீரனின் கதைக்குப் பழகிய காது, சாட்சியிலும் வீரனையே தேடுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரிய படைப்பிலும் இந்தத் தேடலைப் பார்க்கலாம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பன்யனின் 'மோட்சப் பயணம்' நூலைத் தழுவி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிக'த்தைக் காப்பியமாகத் தந்தார். பன்யன் எழுதியது பேச்சுக்கு நெருக்கமான எளிய உரைநடை. பாத்திரம் சேற்றில் விழுந்தால் வாக்கியமும் கூடவே தடுமாறும். காப்பிய விருத்தம் அப்படித் தடுமாறாது. கம்பனில் தோய்ந்த அந்த நடையின் அழகை நான் ரசிக்கிறேன். ஆனால் பயந்தவனைப் பற்றிப் பாடும்போதுகூட அந்தச் செய்யுள் பயப்படுவதில்லை.

பன்யனின் நூலுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. 1678இல் வந்த முதல் பாகத்தில் கிறிஸ்தியான் தனியாகக் கிளம்புகிறான், வழியில் துணை சேர்கிறது. அதைத்தான் எல்லோரும் படிக்கிறோம். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தை அதிகம் பேர் தொடுவதில்லை. பயம் பற்றி நான் வாசித்தவற்றில் மிக நேர்மையான பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன.

அதில் ஒரு பாத்திரம், பெயரே பயந்தவர். நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் புலம்பிக்கொண்டு கிடக்கிறார். ஒருவழியாகத் தாண்டிய பிறகும் அந்தச் சேற்றை மனசுக்குள் சுமந்துகொண்டே போகிறார். வாசலுக்கு வந்தும் தட்டத் துணிவில்லை, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு நிற்கிறார். வேடிக்கை என்னவென்றால் சிங்கங்களைப் பார்த்து அவர் பயப்படவில்லை. கஷ்டமான மலையும் அவருக்குப் பொருட்டில்லை. கடைசியில் என்னை ஏற்றுக்கொள்வார்களா என்பது ஒன்றுதான் அவருடைய பயம். அது கடைசி ஆறு வரைக்கும் போகவே இல்லை. ஆனால் அவர் இறங்கும்போது ஆற்றில் தண்ணீர் என்றுமில்லாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. கால் நனைந்த அளவில் கடந்துவிடுகிறார்.

பயம் போகாதென்றால் விசுவாசம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது அறிவின்மை என்று 428ஆம் குறளில் வள்ளுவரே சொல்கிறார். பன்யனும் பயத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிடவில்லை. பயந்தவருக்குச் சிங்கத்தின் மேல் பயமில்லாமல் போனதற்குக் காரணம், அதைவிடப் பெரிய ஒன்றைப் பற்றி அவர் கவலைப்பட்டதுதான். அவரிடம் விசுவாசம் செய்த வேலையும் தெளிவாகத் தெரிகிறது. நடுங்கினார், ஆனால் திரும்பிப் போகவில்லை.

ஆனால் அவர் தனியாக நடக்கவும் இல்லை. பெருநெஞ்சர் என்ற வழிகாட்டி கூடவே வருகிறார். பவுலிடமும் இதைப் பார்க்கிறேன். தீமோத்தேயு இளம் ஊழியன். அவனுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வரும் பயத்தைப் பற்றிய வசனம் வாலிபர் கூட்டப் பேனர்களில் அடிக்கடி இருக்கும். பேனரில் நான் பார்த்தே இராத இடம் 1 கொரிந்தியர் 16:10. தீமோத்தேயு வந்தால் அவன் உங்களிடையே பயமின்றி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் அங்கே கேட்பது சபையை. பயத்தைப் போக்கும் பொறுப்பு பயப்படுகிறவன் தலையில் மட்டும் வைக்கப்படவில்லை.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ.வில் இளைஞர்களிடையே வேலை செய்தவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பெரும்பாலும் மேலைநாட்டார் அடங்கிய சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில், மிஷனரிகள் இந்தியர்களிடமிருந்து விலகி நிற்பதை முகத்துக்கு நேரே சொன்னார். தியாகம் செய்கிறீர்கள், சரி, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். துணிச்சலான பேச்சுக்கு உதாரணமாக அதை எடுத்துக்காட்டுகிறோம். அந்தத் துணிச்சல் எதைக் கேட்கிறது என்பதையும் கவனிக்கலாம். கூட நடக்க ஆள் கேட்கிறது.

எங்கள் கூட்டத்தில் பாட்டு நடத்திய அண்ணன் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்டார். பல வருடம் கழித்துச் சொன்னார்: "எனக்குச் சொல்ல சாட்சி இல்லடா. பயம் அப்படியே தான இருந்துச்சு." விசுவாசம் போய் அவர் விலகவில்லை. பயம் இன்னும் இருக்கிறவனுக்கு அங்கே ஒரு வாக்கியம்கூடத் தயாராக இல்லாததால் விலகினார்.

பன்யனின் இரண்டாம் பாகத்தில் பயந்தவர் நேரில் வருவதே இல்லை. அவர் ஆற்றைக் கடந்த பிறகு, அவருடைய கதையைக் கிழவர் ஒருவரிடம் சொல்வது பெருநெஞ்சர்தான். சேற்றங்கரைப் புலம்பல், வாசலில் தயங்கி நின்றது, கடைசியில் வற்றிய தண்ணீர் என எதையும் விடாமல் சொல்கிறார். அந்த அண்ணனுக்கும் அப்படி ஒரு சாட்சியை வேறொருவர் சொல்லியிருக்க முடியும். அதற்கு எங்களில் ஒருவராவது அவரோடு அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும்.