சூரிய உதயத்துக்கு எத்தனை மார்க்?

ஜனவரி விடியலில் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஆறு மணிக்கே ட்ரைபாட் ஊன்ற இடம் கிடைப்பது கஷ்டம். சூரியன் எழ இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சபரிமலை சீசன் கூட்டம், பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள், சங்கு மாலை விற்பவர்கள், சுக்குக் காப்பிக்காரர் என்று கரை நிறைந்து கிடக்கும். அவர்களுக்கு நடுவே முதுகில் பையும் கழுத்தில் கேமராவுமாக போட்டோ கிளப்காரர்கள். நீருக்கு மேல் சிவப்பு விளிம்பு தலைகாட்டியதும் ஷட்டர்கள் சடசடக்கும். அடுத்த இருபது நிமிடத்தில் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும் எண்ணற்ற மெமரி கார்டுகளுக்குள் போய்விடுவார்கள்.

போட்டி என்று வந்தால் அந்தப் படங்களில் எத்தனை தேறும்? இந்தக் கேள்வியைக் கடற்கரையில் கேட்டால் அடி விழும். ஆனால் அலசல் என்று உட்கார்ந்துவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அமெச்சூர் போட்டோகிராபியும் ஏறக்குறைய ஒரு லீக் ஆட்டம்தான். 1950-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான ஃபியாப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உலக அளவிலான விதிகளை வகுக்கிறது. 1953-ல் தொடங்கிய இந்தியப் போட்டோகிராபிக் கூட்டமைப்பு உள்நாட்டுச் சங்கங்களை இணைக்கிறது. சங்கங்கள் நடத்தும் போட்டிக் கண்காட்சிக்கு சலோன் என்று பெயர். அங்கே பெரும்பாலும் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் ஒரு படம் நிற்பது சில விநாடிகளே. ஆளுக்கொரு எண்ணை அழுத்துவார்கள், மூன்றையும் கூட்டினால் வருவதுதான் அந்தப் படத்தின் தலையெழுத்து. பதக்கம் வாங்குவது பிறகு. முதலில் ‘அக்செப்டன்ஸ்’ கிடைக்க வேண்டும், அதாவது கண்காட்சிக்குள் படம் நுழைய வேண்டும்.

சில ஆண்டுகளாக நடப்பிலிருந்த விதிப்படி, பெயருக்குப் பின்னால் ஏஃபியாப் என்ற ஃபியாப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள 15 வெவ்வேறு படங்களாவது சேர்ந்து 40 அக்செப்டன்ஸ் பெற வேண்டும். அவை 8 நாடுகளில் 15 சலோன்களிலாவது பரவியிருக்க வேண்டும். 4 படங்களாவது காகிதத்தில் அச்சிட்டு அனுப்பித் தேறியிருக்க வேண்டும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு உலகம் சுற்ற முடியாதபடி அமைந்த கணக்கு இது. ஒரு நாள் சதம் அடித்தவருக்கு இல்லை, சீசன் முழுக்க ரன் எடுப்பவருக்கே இங்கே மரியாதை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குமரி மாவட்டத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வெளியூர்க்காரர் பார்வையில் இது பேட்டிங்குக்குச் சாதகமான ஆடுகளம். கடல், மலை, அருவி, அரண்மனை, தேர், காற்றாலை எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள். ஆனால் அதிகம் பேர் இறங்கி ஆடும் இடமே அதிகம் பேர் அவுட் ஆகும் இடமாகவும் இருக்கிறது. காரணம் சுலபம். நடுவர் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். காலண்டரில், சுற்றுலாத் துறை விளம்பரத்தில், போன வருட சலோனில். சில விநாடிப் பார்வையில் ‘அழகு’ என்று தோன்றினால் போதாது, ‘இது வேறு’ என்று தோன்ற வேண்டும்.

உதயத்தைக் கைவிட வேண்டியதில்லை, கணக்குப் போட்டு ஆடலாம். ஜூன் முதல் டிசம்பர் வரை, இந்த அட்சரேகையில் சூரியன் எழும் புள்ளி அடிவானத்தில் ஏறக்குறைய 47 பாகை தெற்கே நகர்கிறது, பிறகு வந்த வழியே வடக்கே திரும்புகிறது. வள்ளுவரின் தோளுக்குப் பின்னால் எழுமா, பாறை மண்டபத்துக்குப் பின்னால் எழுமா, இரண்டுக்கும் இடையே 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தின் மேல் வந்து நிற்குமா என்பதெல்லாம் தேதியையும் கால் ஊன்றும் இடத்தையும் பொறுத்தது. மறைவுக்கும் இதே கணக்குதான். மே, ஜூன், ஜூலையில் குமரி முனையிலிருந்து பார்த்தால் சூரியன் கடலில் இறங்காது, மேற்குக் கரை நிலத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அது தெரியாமல் கோடை விடுமுறையில் வந்து ஏமாந்தவர்கள் ஏராளம். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை பெறும் மாவட்டம் என்பதால் மேகமும் தன் பங்குக்கு விக்கெட் எடுக்கும்.

ரன் வரும் இடம் வேறு. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் சுசீந்திரம் குளம், அதற்குச் சற்று வடக்கே கவிமணி பிறந்த தேரூரின் குளம். 94.23 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூக்கடைக்குப் போகும் தாமரை, இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, மீசை ஆலா, கூழைக்கடா என்று நல்ல கூட்டம். ஆட்ட நாயகன் என்று கேட்டால் மஞ்சள் மூக்கு நாரையைச் சொல்லலாம்.

அது இரை தேடுவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்தபடி முக்கி, இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பிவிடும். கண்ணை நம்பி வேட்டையாடும் பறவை இல்லை இது. அலகில் மீன் பட்ட கணத்தில் அலகு மூடிவிடும். அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலை அழுத்தினால் மீன் தொண்டைக்குள் போயிருக்கும். நடையின் வேகம் எப்போது குறைகிறது, கழுத்து எப்போது விறைக்கிறது என்று தெரிந்தவருக்கே படம். குளத்தங்கரைச் சாலையில் நின்றபடி மேலிருந்து கீழே எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறுதான். கரைச்சரிவில் இறங்கி, லென்ஸை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்னால் தாமரை இலைகள் மங்கிப் பச்சைத் திரையாகிவிடும். ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ் செய்யாததை முழங்காலில் படும் சேறு செய்யும்.

விதிப் புத்தகத்தில் இங்கே ஒரு சுவையான இடம் வருகிறது. ‘இயற்கை’ பிரிவில் மனிதக் கைவேலை எதுவும் படத்தில் தெரியக் கூடாது. கம்பி, கம்பம், கட்டடம் எதுவும் ஆகாது. சேர்ப்பது, அழிப்பது, ஒட்டுவது எல்லாம் தடை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மனிதர் மாற்றிய சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட உயிரினம் என்றால், அந்தக் கதைக்குத் தேவையான அளவு மனிதச் சுவடு இருக்கலாம். அதற்கு விதியே எடுத்துக்காட்டாகச் சொல்வது கூகையையும் நாரையையும். நெடுஞ்சாலை ஓரக் குளத்தில், லாரி ஹாரனுக்கு அசையாமல் மேயும் சுசீந்திரம் நாரைக்கு இதைவிடப் பொருத்தமான ஷரத்து கிடைக்குமா? சாலையை மறைக்கப் படாத பாடு படுகிறவர்கள் அதைச் சேர்த்து எடுத்துப் பார்க்கலாம். சாலைதான் அந்தப் படத்தின் செய்தி.

‘பயணம்’ பிரிவின் விதி இன்னும் கறார். படத்துக்காக ஏற்பாடு செய்த நிகழ்ச்சியோ, காசு கொடுத்து நிறுத்திய ஆளோ கூடாது. மிக நெருங்கி எடுத்தாலும் இது எந்த ஊர் என்று சொல்லும் அடையாளம் படத்தில் இருக்க வேண்டும். தோவாளை பூச்சந்தையில் மாணிக்க மாலை கட்டும் விரல்களை மட்டும் குளோசப்பில் எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் பூக்குவியலும் சந்தைக் கூரையும் இல்லாவிட்டால் மதிப்பெண் இறங்கும். சொல்லிவைத்து வலை வீசச் சொன்ன மீனவர் படத்தின் கதி? விதிப்படி அவுட். பல கடற்கரைகளில் இன்று இந்த ஆட்டம்தான் நடக்கிறது. நூறு கேமரா ஒரே வலையை ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு, நூறு பேரும் ‘தற்செயல்’ என்கிறார்கள்.

இதில் உலகறிந்த பாடம் ஒன்று உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009-ம் ஆண்டுக் காட்டுயிர்ப் போட்டோகிராபர் விருதை, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய்ப் படம் வென்றது. எடுத்தவர் ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் ரோட்ரிகெஸ். 2010 ஜனவரியில் நடுவர்கள் மறுபடி கூடி, அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்து விருதைப் பறித்தார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். சந்தேகம் கிளம்பியதற்கு ஒரு காரணம், காட்டு ஓநாய் கதவைத் தாண்டாது, கம்பிகளுக்கிடையே நுழைந்து போகும் என்று விலங்குகளை அறிந்தவர்கள் சொன்னது. படத்தின் தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

நிஜமான ஓட்டத்தைப் படமெடுக்க வேண்டுமா, மகா சிவராத்திரிக்குக் கல்குளம், விளவங்கோடு பக்கம் வர வேண்டும். சிவாலய ஓட்டம் நாட்டிலேயே அபூர்வமானது. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் 12 சிவாலயங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், ஓர் இரவும் ஒரு பகலும். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோயிலை நோக்கி ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூப்பிட்டபடி ஓடுகிறார்கள். யாரும் கேமராவுக்காக நிற்க மாட்டார்கள், திரும்பி ஓடச் சொல்லவும் முடியாது. பேனிங் செய்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. ஷட்டரை விநாடியில் முப்பதில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று இறக்கி, ஓடுபவரோடு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். முகம் தெளிந்து, ரப்பர் மரங்கள் கோடுகளாகிவிட்டால் ஜெயம். பத்துக்கு எட்டு சொதப்பும். இப்போது வேனிலும் பைக்கிலும் சுற்றுவோர் பெருகிவிட்டதால் ஓடுபவர் பின்னணியில் ஹெட்லைட்டும் வந்துவிடுகிறது. அதையும் சேர்த்து எடுத்தவரின் படமே இந்தக் காலத்துச் சிவாலய ஓட்டத்தைச் சொல்லும்.

சங்கம் என்பது எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய பதில் இருக்கிறது. 1857-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லும் போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் உலகின் மிகப் பழைய சங்கங்களில் ஒன்று. அதைத் தொடங்க முன்னின்ற அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு டாக்டர், 1850-ல் சென்னை ஓவியப் பள்ளியை ஏற்படுத்தியவரும் அவர்தான். அந்தக் காலத்து ஸ்டார் ஆட்டக்காரர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. பொழுதுபோக்காகக் கேமரா பழகியவர், 1855 சென்னைக் கண்காட்சியில் மைசூர் பகுதிக் கோயில் படங்களுக்கு முதல்தரப் பதக்கம் வாங்கினார், பிறகு சென்னை மாகாணத்தின் அரசுப் போட்டோகிராபர் ஆனார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். பனோரமா பட்டன் இல்லாத காலம் அது!

இதே ட்ரைப், தன் காகித நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் வரைந்தவர். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கு அதிகமாகக் கறுத்ததால் அச்சில் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது, அந்த வெறுமை அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றைய இயற்கைப் பிரிவில் நுழைந்தால் முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார். கல்வெட்டுச் சுருளுக்கு மட்டும் எந்தப் பிரிவிலும் எதிராளி இருந்திருக்க மாட்டார்.

மாகாணத்தின் ஆள் என்பதால் அவர் வெளியிட்ட தமிழகத் தொகுப்புகள் மதுரை வட்டாரத்தைத் தாண்டவில்லை. குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். தஞ்சைக்கும் மதுரைக்கும் வாய்த்தது போன்ற 1858-ன் பட வரிசை சுசீந்திரத்துக்கு அவரிடமிருந்து வாய்க்கவில்லை.

அடுத்த நூற்றாண்டின் உதாரணம் காட்டுயிர்ப் போட்டோகிராபர் டி.என்.ஏ. பெருமாள். 1932-ல் தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் ஆட்டம் கற்றவர். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் பழகி, ஃபியாப்பின் மாஸ்டர் பட்டம் வரை போனார். 2017-ல் காலமாகும் வரை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பெங்களூரில் 1971-ல் தொடங்கிய யூத் போட்டோகிராபிக் சொசைட்டி இன்றும் ஓடுவதற்கு இந்தக் கோச் பரம்பரைதான் பலம். குமரி மாவட்டம் பின்தங்குவது இங்கேதான். கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவில்லை, கல்யாண ஆல்பத் தொழிலில் கை தேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ‘இந்தப் படம் ஏன் தேறவில்லை’ என்று மாதம் ஒருமுறை முகத்துக்கு நேரே சொல்லும் ஆள்தான் அரிது. வாட்ஸ்அப் குழுவில் சூப்பர் போடுவது அந்த வேலையைச் செய்யாது.

இன்னொரு ஸ்கோர்போர்டும் இருக்கிறது, அதில் நடுவரே கிடையாது. 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்தெறிந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தோப்புகளைச் சாய்த்தது. முன்பு எப்படி இருந்தது என்பதற்கு, உள்ளூர் அமெச்சூர் ஒருவர் வீட்டு ட்ரங்க் பெட்டியில் கிடக்கும் சுமாரான படம், பதக்கம் வாங்கிய படத்தைவிடப் பயன்படும். 28 தூண்களில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டியது. அதன் தூண் ஒவ்வொன்றையும் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து எடுத்து வைப்பது ஒரு கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. 2015 முதல் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் அடையாளம் சந்தேகமான பறவைக்குப் படம்தான் சாட்சி. அங்கே கொஞ்சம் மங்கலான படமும் செல்லும்.

இந்த சீசனின் அட்டவணை கையில் இருக்கிறது. மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், தையில் பறவைக் கணக்கு, மாசியில் சிவாலய ஓட்டம். மூன்றும் முடிந்த பிறகு, நாலு படத்தையாவது தேர்ந்தெடுத்து லேபில் கொடுத்து, நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட வேண்டும். திரையில் மின்னும் நீலம் காகிதத்தில் சாம்பலாக விழுவதைப் பார்த்து, திருத்தி, மறுபடி போட இரண்டு வாரமாவது பிடிக்கும். சலோன்களின் கடைசித் தேதிகள் காத்திருக்காது.