பிஹெச் ஒன்றே போதுமா?

ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கழுவி வெளியேற்றும் ஸ்ப்ரே டவர் பல ஆலைகளில் பிஹெச் மீட்டரை நம்பியே ஓடுகிறது. சுழற்சித் தொட்டியில் பிஹெச் 8-க்கும் 9-க்கும் நடுவில் நின்றால் ‘ஸ்க்ரப்பர் சரி’ என்று லாக் புக்கில் கையெழுத்து விழும். இறங்கினால் காஸ்டிக் சோடா ஊற்றப்படும். பழுது பார்ப்பதும் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். அமில வாயுவை நடுநிலையாக்குவது காரம். அந்தக் காரம் மிச்சம் இருக்கிறதா என்பதை உடனுக்குடன் சொல்வது பிஹெச். வேதியியல் படிக்காத ஆபரேட்டரும் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். டோசிங் பம்புடன் இணைத்துவிட்டால் இரவு ஷிப்டிலும் காரம் தீராது. டவரும் எளிமையானதுதான்: உள்ளே பேக்கிங் கிடையாது, வெற்றுக் கூடும் நாசில்களும் நீர்த்துளிகளைப் பிடிக்கும் டெமிஸ்டரும் மட்டுமே. ஹைட்ரஜன் குளோரைடோ தண்ணீரிலேயே எளிதில் கரைகிற வாயு. எளிய கருவிக்கு எளிய கண்காணிப்பு போதும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் பிஹெச் தொட்டியிலுள்ள நீரைப் பற்றித்தான் பேசுகிறது. டவருக்குள் ஏறும் வாயுவைப் பற்றி அல்ல. நாசில்களில் பாதி அடைத்துக்கொண்டால், தெளிப்பு விழாத இடைவெளி வழியாக வாயு கழுவப்படாமலே மேலே போய்விடும். நீரைத் தொடாத அமிலம் காரத்தைச் செலவழிக்காது. ஆகவே பிஹெச் இறங்காது. காஸ்டிக் செலவும் குறையும். டவர் மோசமாக வேலை செய்யும் நேரத்தில்தான் மீட்டர் நற்சான்று தருகிறது. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

மீட்டரும் பிழைக்கும். மின்முனையில் படிவு ஏறினால் தாமதமாகப் பதில் சொல்லும். கண்ணாடிக் குமிழில் விரிசல் விட்டால் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே காட்டும். அதை நம்பி டோசிங் பம்ப் காஸ்டிக்கைக் கொட்டும். காரம் மிகுந்தால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக் கார்பனேட்டாகும். கடின நீராக இருந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து அதே நாசில்களை அடைக்கும். புகைபோக்கியில் நெடி வந்ததும் ‘இன்னும் காஸ்டிக் ஊற்று’ என்னும் கைவைத்தியம் நோயை வளர்ப்பது இப்படித்தான். நடுநிலையாக்கத்தில் உண்டாகும் உப்பும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அதை பிஹெச் காட்டாது, அடர்த்திமானி காட்டும்.

பிஹெச் மீட்டருக்குத் துணையாக வேண்டியவை அரிய கருவிகள் அல்ல. பம்புக்கும் நாசிலுக்கும் இடையே அழுத்தமானியும் ஓட்டமானியும் இருந்தால் பாதிப் பழுது வெளியிலிருந்தே தெரிந்துவிடும். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் நாசில் அடைப்பு. அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடினால் நாசில் தேய்ந்திருக்கும் அல்லது உள்குழாய் கழன்றிருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் பம்பையும் ஸ்ட்ரெயினரையும் பார்க்க வேண்டும். டெமிஸ்டருக்கு மேலும் கீழும் ஒரு மனோமீட்டர் வேண்டும்: புளோயர் ஓட்டம் மாறாதபோது வித்தியாசம் ஏறினால் உப்பு அடைப்பு, சட்டென்று விழுந்தால் டெமிஸ்டர் இடம் பெயர்ந்திருக்கும்.

கருவி கூடினால் அதைப் பராமரிக்கும் வேலையும் கூடும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் ‘காரம் இருக்கிறதா’ என்ற கேள்வியோடு நின்றுவிடுவதன் ஆபத்துக்குப் போபால் சான்று. 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது, அங்கிருந்த வென்ட் ஸ்க்ரப்பரும் காஸ்டிக் சோடாவால் கழுவும் டவர்தான். அது ஓட்டத்தில் இல்லாமல் தயார் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. சுமார் 40 டன் கசிந்த அந்த வேகத்தைத் தாங்கும் அளவில் வடிவமைக்கப்படவும் இல்லை. தொட்டியின் பிஹெச் எதுவாக இருந்திருந்தாலும் இந்த இரண்டு குறைகளையும் அது சொல்லியிருக்காது.

பிஹெச் மீட்டரைக் கைவிடச் சொல்லவில்லை. அது காரத்தின் கணக்கு. டவரின் கணக்கு அல்ல. லாக் புக்கில் அதற்குப் பக்கத்திலேயே அழுத்தம், ஓட்டம், அடர்த்தி, டெமிஸ்டர் வித்தியாசம் என்று நான்கு கட்டங்களைச் சேருங்கள். ஆலை நிற்கும் நாளில் பம்பை மட்டும் ஓட்டி, பார்வைக் கண்ணாடி வழியாகத் தெளிப்பு எல்லாப் பக்கமும் விழுகிறதா என்று பாருங்கள். இவற்றையும் பார்த்த பிறகே ‘ஸ்க்ரப்பர் சரி’ என்று கையெழுத்துப் போடுங்கள்.