வீடு மாறும்போது படிப்பு எங்கே தங்கும்?

கோடை விடுமுறை தொடங்கியதும் பெங்களூரின் அடுக்குமாடி வாசல்களில் சாமான் ஏற்றும் லாரிகள் நிற்கத் தொடங்கும். வேலை மாறியிருக்கும், ஊரில் பெற்றோருக்கு வயதாகியிருக்கும், வாடகை கட்டுப்படியாகாமல் போயிருக்கும். காரணம் எதுவானாலும் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் அந்த மாற்றம் ஒன்றல்ல. இரண்டாம் வகுப்புக்கு ஓர் இடம், ஆறாம் வகுப்புக்கு ஓர் இடம், ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் இடம் என மூன்றும் ஒரே பள்ளியில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் மூன்று சேர்க்கைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி கிளம்ப நேர்ந்தால் அத்தனையும் வீண். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வீடுகளில்தான் “ஊர் நிலைப்படும் வரை பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டுமே” என்ற யோசனை எழுகிறது. வீட்டுக்கல்வியைக் கொள்கையாகவே ஏற்ற குடும்பங்கள் பெங்களூரில் ஏற்கெனவே இருக்கின்றன. இந்திய வீட்டுக்கல்விப் பெற்றோருக்கென 2012இல் தொடங்கிய ஸ்வசிக்ஷண் என்ற அமைப்பும் உண்டு. என் அக்கறை அந்தக் கொள்கைக்காரர்களைப் பற்றியதல்ல, இடம்பெயர்வின் நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பற்றியது. அந்தக் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது, வெளியே வந்த பிள்ளை திரும்பி நுழைய வாசல் எங்கே இருக்கிறது என்பதைத்தான். அந்த வாசல் இந்தியாவில் ஓரிடத்திலும் இலங்கையில் வேறோரிடத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெங்களூர்ப் பெற்றோருக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. 2012இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, தாமாக விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் சொன்னது. அது ஒரு வழக்கில் சொன்ன பதில்தான், சட்டத்தில் ஏறிய வரி அல்ல. ஆகவே ‘அனுமதி உண்டா’ என்று கேட்பவருக்குத் திட்டவட்டமான பதில் கிடைக்காது. ‘திரும்ப முடியுமா’ என்று கேட்டால் கிடைக்கும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராமலோ பாதியில் விட்டோ இருக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மற்ற மாணவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989இல் தொடங்கிய அந்த வாரியத்தில் எந்தப் பள்ளிக்கும் போகாமல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. பெங்களூரில் பதிந்த பிள்ளை புனேக்குப் போனாலும் வாரியம் மாறாது. இடம் மாறும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் நம் கல்வி அமைப்பில் இல்லை என்பேன். அரசும் தன் ஊழியர்களுக்கு இந்தச் சிரமம் உண்டு என்று உணர்ந்துதான் 1963இல் கேந்திரிய வித்யாலயாக்களுக்கு வித்திட்டது. தனியார் வேலைக்காரருக்கு அப்படி ஒரு பள்ளி கிடையாது. திறந்தநிலைப் பள்ளிதான் உண்டு.

இலங்கையில் நிலைமை ஏறத்தாழ தலைகீழ். 1945இல் இலவசக் கல்வி வந்த நாடு அது. 1997இல் வெளிவந்த ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கியது. 2016இல் அந்த வயது 16 ஆனது. தீவு முழுவதும் ஒரே பாடத்திட்டம், அரசே அச்சிட்டு இலவசமாகத் தரும் ஒரே பாடநூல். மட்டக்களப்பில் தரம் 6 கணிதத்தில் பாதி முடித்த பிள்ளை கொழும்புக்கு வந்தால் அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திறக்கலாம். பொதுத்தேர்வுகளான க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவது அங்கே பழைய வழக்கம், அதில் யாரும் இழிவு காண்பதில்லை. பரீட்சை வாசல் அகலம். பாடசாலை வாசல்தான் ஒடுக்கம், அதுவும் விலாசத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பேர்பெற்ற பாடசாலையில் தரம் 1 அனுமதிக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால், முந்தைய ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். போன வருடம் குடிவந்தவருக்கு என்ன புள்ளி கிடைக்கும்? அதே பாடசாலையில் அண்ணனோ அக்காவோ படித்தால் தம்பி தங்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எனவே மூத்த பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் வாங்கி வீட்டில் வைத்த குடும்பம், இளையவருக்கு இருந்த உரிமையையும் சேர்த்தே இழக்கிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் விலாசம் பேசுகிறது. இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் தகுதிப்படி, 55 விழுக்காடு மாவட்ட ஒதுக்கீடு, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியா கொழும்பா என்பதில் ஒரு பிள்ளையின் மருத்துவப் படிப்பே மாறிப்போகலாம்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல என்பதை வரலாறு காட்டுகிறது. 1995 அக்டோபர் இறுதியில் இலங்கைப் போரால் யாழ்ப்பாண வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகள் மரத்தடியிலும் ஓலைக் கொட்டிலிலும் இன்னொரு பாடசாலையின் மாலை நேரத்திலும் படித்தார்கள். கட்டடம் போனது, பாடநூல் போகவில்லை. எந்தக் கொட்டிலில் இருந்தாலும் எழுத வேண்டிய பரீட்சை ஒன்றே. அதே போரால் 1983க்குப் பின் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தவர்களின் கதை வேறு. பிள்ளைகள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். 1984இல் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியது. போர் முடிந்த 2009க்குப் பின் ஊர் திரும்புவதா வேண்டாமா என்று எடைபோட்ட குடும்பங்களுக்கு வீடும் காணியும் போலவே பிள்ளைகளின் படிப்பும் பெரிய கேள்வியாயிற்று. இங்கே வேதியியல் என்று படித்தது அங்கே இரசாயனவியல். கனச்சதுரம் அங்கே சதுரமுகி. கூடவே சிங்களம் என்ற புதுப் பாடம். வகுப்பு தொடங்குவது இங்கே ஜூன், அங்கே சனவரி. இரு கரையிலும் தமிழ்தான், ஆனாலும் பிள்ளை பாதி ஆண்டை எங்கோ தொலைத்தாக வேண்டும். ஒரே பாடத்திட்டத்துக்குள் நூறு மைல் போவது எளிது. பாடத்திட்டத்தின் எல்லையைத் தாண்டினால் பத்து மைலும் தூரம்தான்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த எல்லை ஓசூரிலேயே வந்துவிடுகிறது. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்குகிறது. இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாநிலத்தில் வாழும் பிள்ளை அந்த மண்ணின் மொழியை அறிய வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அல்சூரிலோ ஶ்ரீராமபுரத்திலோ வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் எழுதிய பிள்ளை எட்டாம் வகுப்பில் சென்னைக்கு வந்தால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். ‘காகம்’ என்ற சொல்லிலேயே அதற்கு முதல் தடுமாற்றம். கன்னடத்தில் ‘காகெ’ எழுத இரண்டு எழுத்து வேண்டும், முதலொலிக்கு ஒன்று, அடுத்த மெல்லிய ஒலிக்கு வேறொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம். முதலில் வருவதை ஏன் வல்லென்றும் நடுவில் வருவதை ஏன் மெலிந்தும் படிக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அதை உட்கார்ந்து விளக்க ஆசிரியருக்கு நேரமிருக்காது. வீட்டில் ஒரு வாரம் போதும். இடம்பெயர்வுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் சில மாதங்களை வீட்டுக்கல்வி உண்மையிலேயே பொன்னாக்கும் இடம் இதுதான். போகிற ஊரின் மொழியை, போவதற்கு முன்பே, கேலிக்கு அஞ்சாமல் கற்க அது வாய்ப்புத் தருகிறது.

பல வயதுப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்து எப்படிக் கற்பிப்பது என்று மலைப்பவருக்குக் கர்நாடகமே ஒரு விடை வைத்திருக்கிறது. 1995இல் மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டே வட்டத்தில் தொடங்கிய ‘நலி கலி’, ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைப் பின்பற்றி உருவானது. ‘ஆடிப் படி’ என்பது அந்தப் பெயருக்குப் பொருள். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். சுவரில் ஏணி போன்ற படம், அதன் ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துவந்து உட்காரும். ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்துவதில்லை, தேவைப்படும் பிள்ளையிடம் போவார். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கால அட்டவணை போட்டுக் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை பள்ளியை வீட்டில் நடித்துக் காட்டும் பெற்றோர் சீக்கிரம் களைத்துப் போவார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கையாளும் இந்த ஏணி அவர்களுக்குக் கைகொடுக்கும்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் முதலாவது கனமானது: இதற்கெல்லாம் வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். அவர் விட்ட சம்பளம் வீட்டுக்கல்வியின் கட்டணம். அதை எழுதாத கணக்கு பொய்க்கணக்கு. பீன்யாவில் தையல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த யோசனையைச் சொல்வது கொடுமை. கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கு வீட்டுக்கல்வி என்று பெயர் சூட்டவும் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு 10ஆம் பிரிவு கண்டிப்பாக வேண்டும். எனவே நான் சொல்வது நேரமும் படிப்பும் கையில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும், அதுவும் குறித்த காலத்துக்கு மட்டும். அடுத்த மறுப்பு, பிள்ளைகள் தோழர் இல்லாமல் வளர்வார்கள் என்பது. உடன்பிறந்தோர் இருக்கிறார்களே என்று பதில் சொல்வது போதாது. அண்ணன் தோழனாக மாட்டான், அவன் அண்ணன்தான். இங்கே இலங்கையின் அனுபவம் உதவுகிறது. உயர் தரம் எழுதப் பாடசாலையில் 80 விழுக்காடு வரவு வேண்டும் என்ற விதி இருந்தும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மாலையில் நாடுவது டியூட்டரி எனப்படும் தனியார் வகுப்பை. பாடத்துக்காகப் போனாலும் நட்பும் போட்டியும் அங்கேதான் விளைகின்றன. வீட்டில் படிக்கும் பெங்களூர்ப் பிள்ளைக்கும் கிரிக்கெட் பயிற்சியோ பாட்டு வகுப்போ நூலகமோ, வாரத்தில் மூன்று நாளாவது ஒத்த வயதினர் கூடும் இடம் இருந்தே ஆக வேண்டும். திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்போருக்கு, அந்த மாணவர்கள் நீட் எழுத இருந்த தடையைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் நீக்கியதைச் சுட்டுவேன். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாமல் 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம்பெற்ற மும்பைப் பெண்ணை உதாரணம் காட்டுவோருக்கு, அவர் கையில் சர்வதேசக் கணினியியல் ஒலிம்பியாட்டின் மூன்று பதக்கங்கள் இருந்தன என்பதை நினைவூட்டுவேன்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் என் தீர்ப்பு இது: மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே முடிவு எடுக்கக் கூடாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஓராண்டு வீட்டில் இருந்தால் நட்டமில்லை. இந்தியச் சட்டம் அதை வயதுக்கேற்ற வகுப்பில் ஏற்கும். ஒன்பது முதல் பதின்மூன்று வரை உள்ள பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் மாதங்கள் போகும் ஊரின் மொழிக்காகச் செலவாக வேண்டும். இலங்கைக்குத் திரும்ப எண்ணும் குடும்பமானால், கொழும்பிலிருந்து அந்தத் தரத்துத் தமிழ்ப் பாடநூல்களை வரவழைத்து அவற்றையே படிக்கலாம், பாடசாலை இடத்துக்கான அலைச்சலை மட்டும் ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். பதினான்கைத் தாண்டிய பிள்ளை விஷயத்தில் முதலில் எந்த வாரியத்தின் தேர்வு என்று முடிவாக வேண்டும், ஊர் அதற்குப் பிறகு. உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், லாரிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் திறந்தநிலைப் பள்ளியின் பதிவுக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.