2013 டிசைரைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஒரு டிசைர்

பழைய காரை மாற்றப்போகிறோம் என்றதும் கேட்டவர்கள் அனைவரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "எஸ்.யு.வி. எடுங்க." அதே விலைக்குச் சின்ன எஸ்.யு.வி.க்கள் இன்று வரிசையாக நிற்கின்றன, அவற்றில் நல்ல வண்டிகளும் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் 2013 மாருதி ஸ்விஃப்ட் டிசைர் பெட்ரோல் இருந்த இடத்துக்கு, 2024 நவம்பரில் அறிமுகமான நான்காம் தலைமுறை டிசைரையே கொண்டுவந்தோம். எங்களுக்குத் தேவையானவை மாறவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கி, குறுகலான தெருவில் திரும்ப வேண்டும். ஐந்து பேர் உட்கார வேண்டும். ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையும் தேங்காயும் உள்ளே வாசம் அடிக்காமல் தனி டிக்கியில் கிடக்க வேண்டும்.

இப்படி ஒரே பெயர் கொண்ட வண்டியின் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டும்போது ஒப்பீடு மிகத் துல்லியமாகிவிடுகிறது. விளம்பரத்தில் முதலில் காட்டப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்காகக் காரை மாற்றத் தேவையே இல்லை என்பது என் கருத்து. மாற்றுவதற்கு உண்மையான காரணம், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

பழைய வண்டியை முதலில் நியாயமாகப் பேசிவிட வேண்டும். அதிலிருந்த 1.2 லிட்டர் கே12 எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. 87 பி.எஸ். சக்தி, 114 நியூட்டன் மீட்டர் டார்க். சிக்னலில் நிற்கும்போது ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு அமைதி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும், சலிக்காது. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருந்ததால் அதை மாற்றும் செலவும் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றி வந்தால் இந்த எஞ்சின் எவ்வளவு தூரம் போகும் என்பதை எந்த டாக்ஸி ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்படியானால் ஏன் மாற்றினோம்? ரப்பர் பாகங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவந்தன. பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முந்தைய பழைய வண்டிகளின் எரிபொருள் குழாய்களும் சீல்களும் இந்த அளவு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. போதாததற்கு அது ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் பழைய கார்களுக்கு இது கவலைதான். ஆனால் இதற்காக மட்டும் ஒரு காரை மாற்ற வேண்டியதில்லை. குழாய்களையும் சீல்களையும் கவனித்து வந்தால் ஓட்டலாம்.

எங்களை மாற்றவைத்தது ஏர்பேக். எங்கள் 2013 டிசைர் நடுத்தர ரகம், அதில் ஒரு ஏர்பேக்கூட கிடையாது. அந்தக் காலத்தில் விலை கூடிய ரகத்துக்கு மட்டும் வைத்திருந்தார்கள், சட்டமும் கேட்கவில்லை. புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019இல்தான். அதே தலைமுறை ஸ்விஃப்ட்டை, ஏர்பேக் இல்லாத ரகத்தை, குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். டிசைர் அந்த ஸ்விஃப்ட்டின் அடித்தளத்தில் பிறந்த வண்டி. அந்தச் சோதனைப் படத்தைப் பார்த்தபின், பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த வண்டியை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

புதிய டிசைர் அதே அமைப்பிடம் 2024இல் பெரியவர்களுக்கு 34க்கு 31.24 புள்ளிகளோடு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகளுக்கு நான்கு நட்சத்திரமும் வாங்கியது. மாருதி வண்டிகளில் ஐந்து நட்சத்திரம் தொட்ட முதல் வண்டி இதுதான். ஆறு ஏர்பேக், எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், இ.எஸ்.பி. எல்லாம் விலை குறைந்த எல்.எக்ஸ்.ஐ. ரகத்திலிருந்தே வந்துவிடுகின்றன. காசு அதிகம் கொடுப்பவருக்குத்தான் உயிர்ப் பாதுகாப்பு என்ற பழைய கணக்கு இதில் இல்லை. இந்த வண்டியில் நான் மனமாரப் பாராட்டும் அம்சம் இதுவே.

இ.எஸ்.பி. என்னும் மூன்றெழுத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மழை நாளில் நாற்கரச் சாலையில் போகிறீர்கள், நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு பைக் திடீரென்று குறுக்கே வருகிறது என்று வையுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்புவீர்கள். பழைய வண்டியில் அந்த இரண்டாவது திருப்பத்தில்தான் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும். ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை இ.எஸ்.பி. ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தாத கணத்தில் தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிடித்து வண்டியை நேராக்கும். அவ்வளவு வேகமாக ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போட எந்த ஓட்டுநராலும் முடியாது. அதோடு சேர்ந்து வருவது மேட்டில் பிடிக்கும் வசதி. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போகும் இடைவெளியில் வண்டி பின்னால் உருளாது. புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு இது பெரிய தைரியம்.

இனி இழப்புகள். புதிய இசட்12இ எஞ்சினும் 1.2 லிட்டர்தான். ஆனால் மூன்று சிலிண்டர், 82 பி.எஸ்., ஏறத்தாழ 112 நியூட்டன் மீட்டர். பெயர் அதேயிருக்க, பன்னிரண்டு வருடம் கழித்து வந்த வண்டியின் சக்தி குறைந்திருக்கிறது. மூன்று சிலிண்டருக்கே உரிய மெல்லிய அதிர்வு, நின்றபடி ஓடும்போது இருக்கையிலும் கியர் கம்பியிலும் தெரியும். நான்கு சிலிண்டரில் பழகிய உடம்புக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும், புதிதாகக் கார் வாங்குபவருக்குத் தெரியாமலும் போகலாம்.

ஊருக்குள் அதன் பிக்கப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறைந்த வேகத்தில் கலகலப்பாகவே ஓடுகிறது, கிளட்ச் பூப்போல. வித்தியாசத்தை அறிய மலை ஏற வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைந்து, ஏ.சி. ஓடும்போது, பழைய எஞ்சினை இரண்டாம் கியரில் விரட்டினால் பாடிக்கொண்டே ஏறும். புதியது அந்த உயர்ந்த சுருதியில் உற்சாகம் காட்டுவதில்லை, சத்தம்தான் கூடுகிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு நிதானமாக ஏற்றினால் எங்கும் திணறவில்லை. ஏ.எம்.டி. எடுப்பவர்கள் மலைப்பாதையில் அதைத் தானாக மாற்றவிடாமல் கையால் கியர் போடும் முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. நான்கு சிலிண்டர்தான் வேண்டும் என்பவர்கள் இதே அளவில் ஹோண்டா அமேஸையும், நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலிருந்து வரும் ஹூண்டாய் ஆராவையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

சக்தியில் விட்டதை மைலேஜில் திருப்பித் தருகிறார்கள். அரசுச் சான்று அளவில் பழைய பெட்ரோல் டிசைர் லிட்டருக்கு 19.1 கிலோமீட்டர். புதியதில் மேனுவல் 24.79, ஏ.எம்.டி. 25.71. சாலையில் இரண்டுமே இதற்குக் கீழேதான் கொடுக்கும், ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி உண்மையானது. டேங்க் 42 லிட்டரிலிருந்து 37 லிட்டராகச் சுருங்கியும், ஒருமுறை நிரப்பினால் போகும் தூரம் கூடியிருக்கிறது. சி.என்.ஜி. ரகம் கிலோவுக்கு 33.73 என்கிறது. தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அது லாபம்தான். எங்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் சிலிண்டர் டிக்கியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டிக்கிக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2008இல் வந்த முதல் டிசைர் 4.16 மீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்பதால் 2012இல் வாலை வெட்டினார்கள். டிக்கி 316 லிட்டராகிவிட்டது. எங்களுடையது அந்த வெட்டுப்பட்ட வண்டி. இரண்டு பெரிய பெட்டி வைத்தால் மூன்றாவது மடியில்தான். புதியதில் 382 லிட்டர். வெளி நீளம் அதே 3,995 மில்லிமீட்டராக இருந்தும் உள்ளே 66 லிட்டர் கூடியிருப்பது பயணத்தில் நன்றாகவே தெரிகிறது. 40 மில்லிமீட்டர் அகலம் கூடியதால் பின்சீட்டில் தோள்கள் முன்போல இடிபடுவதில்லை. பின்னால் ஏ.சி. துவாரமும் இருக்கிறது. சித்திரை வெயிலில் பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் வண்டி தாழ்ந்துவிட்டது. கூரை உயரம் 1,555 மில்லிமீட்டரிலிருந்து 1,525, தரை இடைவெளி 170லிருந்து 163. தாளில் சிறிய எண்கள்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அம்மா முதன்முதலாகப் பின்சீட்டில் ஏறியதும், "பள்ளத்துல எறங்கி உக்கார்ற மாதிரி இருக்குப்பா" என்றார். பிறகு முதலில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பும் முறையைப் பழகிக்கொண்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். இந்த ஒன்று சரிப்படவில்லை என்றால் எஸ்.யு.வி. யோசனை சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நம் ஊர்களில் சாயம் போன, அளவில்லாத ஸ்பீட் பிரேக்கர்கள் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேரோடு போகும்போது அவற்றைக் கொஞ்சம் சாய்வாக, மெதுவாகத் தாண்டுவதே நல்லது.

பெரிய திரை, வயர் இல்லாத சார்ஜர், சுற்றிலும் காட்டும் கேமரா, கூரையில் திறக்கும் கண்ணாடி ஆகியவை மேல் ரகங்களில் வருகின்றன. பின் கேமரா மட்டும் எனக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது, தெருவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பின்னால் எடுக்கும்போது. கூரைக் கண்ணாடியை நம் வெயிலில் எத்தனை நாள் திறப்போம்? விலை குறைந்த ரகத்துக்கும் கூடிய ரகத்துக்கும் பாதுகாப்பில் பெரிய வேறுபாடு இல்லாததால், நடுவிலுள்ள வி.எக்ஸ்.ஐ.யை எடுத்து, பின் கேமராவைத் தனியாகப் பொருத்திக்கொண்டால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். எல்.இ.டி. முகப்பு விளக்கு வேண்டும், இரவில் அதிகம் ஓட்டுவோம் என்பவர்கள் இசட்.எக்ஸ்.ஐ. எடுக்கலாம்.

விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 29. டிசைர் இந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் ஷோரூம் விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதோடு காப்பீடும் சேர்ந்தால் ஆன்ரோடு விலை வேறு உயரத்தில் நிற்கும்.

பழைய வண்டியைக் கொடுக்கும் இடத்தில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். இத்தனை வருடம் கிளெய்ம் எதுவும் கேட்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. பழைய காரை விற்றதற்கான அத்தாட்சியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அதற்கான சான்றிதழை வாங்கிப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஷோரூமில் நீங்கள் கேட்காவிட்டால் இதை யாரும் நினைவூட்டமாட்டார்கள். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நின்றுகொண்டிருந்தால், தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து முதலில் அதை எடுத்துவிடுங்கள். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறிவிட்டதா என்று போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் பார்க்க வேண்டும். மாறாதவரை அந்த வண்டிக்கு வரும் அபராதம், விபத்து வழக்கு எல்லாவற்றுக்கும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாகை மறக்காமல் கிழித்து, வங்கியிடம் சொல்லிக் கணக்கையும் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய உரிமையாளர் கடக்கும் சுங்கச்சாவடிக்கெல்லாம் காசு உங்கள் கணக்கிலிருந்து போகும்.