கைப்பேசிக்கு வந்த நீட்சிகள்

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவிவிட்டு, விளம்பரம் மண்டிய செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். செய்தி மட்டும் நிற்கும். வந்த விளம்பரத்தை மறைப்பதோடு இதன் வேலை முடிவதில்லை. பெரும்பாலும் விளம்பரத்தைக் கேட்டுப் போகும் கோரிக்கையையே வழியில் நிறுத்திவிடுகிறது. டேட்டா மிச்சம், பக்கமும் சட்டென்று வருகிறது. உள்ளங்கையளவு திரையில், சிக்னல் தேயும் ரயில் பயணத்தில் இது எத்தனை பெரிய உபகாரம்! இதை உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

2020இல் ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸை அதன் தயாரிப்பாளரான மொசில்லா புதிதாக எழுதியபோது கைப்பேசியில் விரல்விட்டு எண்ணும் நீட்சிகளே மிஞ்சின. 2023 டிசம்பரில்தான் நூற்றுக்கணக்கானவை வந்து சேர்ந்தன. ஐபோன் சஃபாரிக்கு 2021இலேயே நீட்சி வசதி கிடைத்திருந்தது.

இரவு வாசகர்களுக்கு டார்க் ரீடர் என்ற நீட்சி இருக்கிறது. கூசும் வெள்ளைப் பக்கத்தைக் கருமையாக்கும். வெளிச்சத்தை நம் கண்ணுக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பார்க்கும் பக்கங்களையெல்லாம் படிக்க அனுமதி கேட்பவை இத்தகைய நீட்சிகள். யார் எழுதியது என்று பார்த்து, வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.