பயணம் இனிது என்று யார் சொன்னது?

ஆசிரிய நண்பர்களே, மாணவர் கவிதைப் போட்டித் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். 'வாழ்க்கை ஓர் இனிய பயணம்' என்ற கருத்து எப்படியும் தலைகாட்டும். பூ வரும், வானவில் வரும். எந்தச் சடக்கு, கூட நடந்தது யார் என்பது மட்டும் வராது.

இதற்குத் துணையாகக் கணியன் பூங்குன்றனாரை இழுப்பதும் உண்டு. புறநானூற்று 192ஆம் பாடலை முதல் அடியோடு நிறுத்திவிடுவதால் வரும் வினை இது. கொஞ்சம் கீழே இறங்கி வாசியுங்கள். வாழ்வு இனித்ததென்று அவர் துள்ளவில்லை, கசந்ததென்று சபிக்கவுமில்லை. மழை கொட்ட, கல்லில் மோதி இரையும் பேராற்றில் போகிற தெப்பம்தான் அவர் காட்டும் உயிர். சுற்றுலாப் படகு இல்லை.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பயணமும் தெப்பப் பயணம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் லயம். தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அழுகைதான் கேட்டது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியதும் அப்படித்தான். இங்கேயே வாழ்ந்த கா. பெருமாளும் தம் நாவலுக்குத் 'துயரப் பாதை' என்றே பெயர் வைத்தார்.

இரண்டுமே பொய்யில்லை. ஆனால் பால்மரத் தோட்டத்து நாட்டுப்புறப் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது: சிரிப்பு. ஒப்பாரி வைத்த அதே வாய்தான் கங்காணியைக் கேலி பண்ணியும் பாடியது. இருட்டோடு பிரட்டுக்குப் போய், நிரை பிடித்துப் பால் வெட்டி, வாளி தூக்கிய உடம்புக்கு மகிழ்ச்சி என்றால், பக்கத்து நிரைக்காரிக்குக் கேட்கிற மாதிரி ஒரு வரியை எடுத்துவிடுவது. இந்த மகிழ்ச்சிக்கு எதிரே ஓர் ஆள் நிற்கிறான். அதனால்தான் அது கவிதையாகிறது என்பேன். போட்டித் தாளில் உள்ள மகிழ்ச்சிக்கு எதிரே யாருமே இல்லை. அது வாழ்த்து அட்டைக்குத்தான் ஆகும்.

இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நீலாய் பக்கம் தோட்டமே தாமானாகிவிட்டது. பாடிய பாட்டிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எத்தனை நாளைக்கு? செய்யுளும் மொழியணியும் பாடத்தில் இந்தக் கருப்பொருள் வரும்போது, பிள்ளைகளைப் பாட்டியிடம் இரண்டே கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். நிரையில என்ன பாடுவீங்க? யாரைக் கேலி பண்ணுவீங்க? "அதெல்லாம் புள்ளைங்க முன்னாடி சொல்ற பாட்டா?" என்று பாட்டி வெட்கப்பட்டுச் சிரித்தால், கைப்பேசிப் பதிவை நிறுத்தாமல் காத்திருக்கச் சொல்லுங்கள்.